கரைக்குள் கிடப்பவை

என் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று அண்ணாந்து பார்த்தால், கரைக்கு மேலே படகு போவது தெரியும். ஆறு மேலே, வீடு கீழே. அந்தத் தீவு முழுவதுமே அப்படித்தான். ஒரு காலத்தில் ஆறு கடலில் சேருகிற இடத்தில் நாணலும் சேறுமாகக் கிடந்த சதுப்பு. யாரோ சுற்றிலும் கரை போட்டு, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்து வெளியே கொட்டி, விளைநிலம் ஆக்கிவிட்டார்கள். மண் கன்னங்கரேல் என்று பஞ்சு போல இருக்கும். காயக் காய அது இறங்கும். வருஷா வருஷம் நிலம் கீழே போய்க்கொண்டே இருக்க, ஆறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீடுகள் ஆழமாக அடித்த மரத்தூண்களில் நிற்பதால் அவை இறங்கவில்லை. அதனால் வாசலில் அவ்வப்போது புதிதாக ஒரு படி சேர்க்க வேண்டும். அக்கா கல்யாணமாகிப் போனபோது ஓர் எட்டு வைத்தால் உள்ளே போய்விடலாம். இப்போது மூச்சு வாங்க ஏற வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு கிண்ணத்துக்குள் மனிதன் குடியிருப்பானா என்று கேட்டால், "விளைச்சலைப் பாருங்க" என்பார்கள். பார்த்தேன். மூக்கும் கூடவே வந்ததுதான் பிரச்சினை.

என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், அந்தக் கிண்ணத்தின் பம்புக்காரர். தீவின் தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வாய்க்காலாக வந்து ஒரு மூலையில் சேரும். அங்கே, அக்கா வீட்டை ஒட்டி, பம்பு. அதை நிறுத்தினால் சில நாளில் வயல் மறுபடி சதுப்பாகிவிடும். பம்புக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பி வலை. தீவில் உள்ள அத்தனை பேரும் கண்ணுக்குத் தெரியாமல் போகட்டும் என்று வாய்க்காலில் விட்டெறிவதெல்லாம் கடைசியில் அந்த வலையில் வந்து நிற்கும். உரநுரை, செத்த எலி, குழந்தைகளின் அழுக்குத் துணி, ஊதிப்போன நாய்க்குட்டி. மச்சான் நீளக் கொக்கியால் அவற்றை இழுத்து ஒதுக்குவார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இருக்காது. சாப்பிடும்போது பொரியலைத் தள்ளி வைக்கிற மாதிரிதான் செய்வார். நான் பக்கத்தில் நின்று பலமுறை வாந்தி எடுத்திருக்கிறேன். "பழகிடும் மாப்ள" என்பார். பழகிவிடும் என்பதுதான் எனக்குப் பயம்.

அந்த வேலைக்கு அவர் வந்த கதையே அவருடைய குணத்தைச் சொல்லிவிடும். மூட்டை தூக்க வந்த ஆள். பழைய பம்புக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். "நீ பாத்துக்கிறியா?" என்று யாரோ கேட்டார்கள். தலையை ஆட்டினார். எங்கள் அப்பா வந்து "என் பெண்ணைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டபோதும் அதே ஆட்டல்தான். அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்: "அன்னைக்கு அப்பா ஒரு எருமையைக் காட்டிக் கேட்டிருந்தாலும் இவர் தலையை ஆட்டியிருப்பார்டா." கழுதைக்குப் பிரசவமா, அடைத்துக்கொண்ட கக்கூஸா, கூப்பிடு பம்புக்காரரை. கூப்பிட்டவர்கள் வேலை முடிந்ததும் அவரைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள், நாற்றம் என்று. அவர் தள்ளி நிற்பார். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அக்கரையில் படகு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்த வேலையை விட்டு என்னிடம் வந்துவிடுங்கள், எண்ணெய் வாசனையோடு போகட்டும் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "பாக்கலாம் மாப்ள." அவ்வளவுதான். கல்லுளிமங்கன்.

அந்த வருஷம் கோடையில் அக்காவைப் பார்க்கப் போனேன். படித்துறையில் இறங்கும்போதே வந்தது அந்த வாடை. பம்பு நாற்றம் எனக்குத் தெரியும். இது வேறு. இனிப்பு கலந்த, நாக்கில் ஒட்டுகிற நாற்றம். அக்கா ஜன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகி வைத்திருந்தாள். கொல்லையில், கரையின் அடிவாரத்தில், துணி துவைக்கிற கல் இருக்கும். அந்தக் கல்லின் மேல் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. கரையின் சரிவிலிருந்து புழு சாரை சாரையாக இறங்கி வந்துகொண்டிருந்தது.

"என்னக்கா இது?"

"அவரையே கேளு."

மச்சான் தரையைப் பார்த்தார். அக்காதான் சொன்னாள். தீவின் கரைக் கமிட்டித் தலைவருக்குப் பெரிய கோழிப்பண்ணை இருக்கிறது. ஏதோ நோய் வந்து கொட்டகை கொட்டகையாகக் கோழிகள் செத்துவிட்டன. வெளியே தெரிந்தால் பண்ணையைப் பூட்டிவிடுவார்கள். படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் எரித்தால் ஊர் பார்க்கும். தீவுக்குள் குழி வெட்டினால் இரண்டு முழத்தில் தண்ணீர் வந்துவிடும், போட்டதெல்லாம் மிதக்கும். அந்தத் தீவில் காய்ந்த மண் என்று ஒன்று இருந்தால் அது கரை மட்டும்தான். ஆக, தலைவர் நம்மாளைக் கூப்பிட்டு, பம்பு வீட்டுக்குப் பின்னால் கரையைக் குடைந்து உள்ளே தள்ளி மூடச் சொல்லிவிட்டார். அங்கே எப்போதும் நாற்றம்தானே, யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று காரணம் வேறு.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது..." என்றார் மச்சான்.

தலையை ஆட்டியிருக்கிறார். தன் வீட்டுக்கு மேலேயே, தன் பெண்டாட்டி தூங்குகிற தலைமாட்டுக்கு நேராக, ஆற்றைத் தடுத்து நிற்கிற ஒரே சுவரைக் குடைந்து கோழிப்பிணத்தை அடைத்திருக்கிறார். அது அழுகிக் கரைந்தால் உள்ளே பொந்து. ஆறு ஏறினால் தண்ணீர் முதலில் தேடுவது பொந்தைத்தான். இதைச் சொல்ல பெரிய படிப்பு வேண்டாம், அந்தத் தீவில் எந்தக் கிறுக்கனுக்கும் தெரியும். படித்துறையில் பலகையே எழுதி வைத்திருக்கிறார்கள்: கரையில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது, மீறினால் தீவில் இடமில்லை என்று. கீழே தலைவர் பெயர் கொட்டை எழுத்தில்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மனுஷனா, மண்புழுவா என்பதுதான் அதிலேயே மரியாதையானது. மச்சான் எழுந்து போய்த் துவைக்கல்லில் சுண்ணாம்பைத் தூவிவிட்டு வந்தார்.

அதற்குள் மேற்கே மலையில் மழை பிடித்துவிட்டது. ஆறு ஏறப்போகிறது என்று ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தார்கள். அக்கா துணிமணியை மூட்டை கட்டி வாசற்படியில் வைத்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"என்னங்க, கமிட்டியில போய்ச் சொல்லுங்க. குழியைத் தோண்டி எடுத்துட்டுக் களிமண் அடைக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. சொன்னா இங்க இருப்பேன். சொல்லலைன்னா தம்பியோட போயிடுவேன். அப்புறம் நீங்களும் கோழியும் குடித்தனம் பண்ணுங்க."

உரக்கிடங்கில் கூட்டம். நானும் கூடப் போனேன். தலைவர் நடுவில் நாற்காலியில். பக்கத்தில் பால்காரர், தீவிலேயே மாடு அதிகம் வைத்திருப்பவர், குரலும் அதிகம். ஜன்னலோரம் ரிடயர்டு டீச்சர், மூக்கில் கைக்குட்டை. மற்றபடி எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மச்சான் எழுந்து நின்றார். 

"பம்பு வீட்டுக்குப் பின்னாடி கரையில கோழி பொதைச்சிருக்கேன். தலைவர் பண்ணைக் கோழி. நெறைய. ஆறு வர்றதுக்குள்ள எடுக்கணும். எல்லாரும் வந்தா எடுத்துடலாம்."

நான் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றேன். இப்போது கிடங்கு வெடிக்கும், தலைவரைச் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள், மச்சானுக்கும் நாலு விழும், விழட்டும், நான் குறுக்கே போகப்போவதில்லை என்று நினைத்தேன்.

 ஈ பறக்கிற சத்தம் கேட்டது. எல்லாரும் அவரவர் கால் கட்டைவிரலை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள். தலைவர்கூட பயப்படவில்லை, கூட்டத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். பால்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"இருக்கறது இருக்கட்டும்பா. இப்பப் போய்க் கரையைக் கிளறினா அது இன்னும் ஆபத்து. என்ன டீச்சர்?"

"ஆமாமா, கிளறவே கூடாது" என்றார் டீச்சர் கைக்குட்டைக்குள்ளிருந்து.

கூட்டம் கலைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காலையில் புரிந்தது.

பம்பு வீட்டுக்கு முதலில் வந்தது டீச்சர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நான் மறைவில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரியாமல், மச்சானிடம் கிசுகிசுத்தார்.

"தம்பி, என் வீட்டுக்கு நேரா கரையில... ஒரு பழைய பிரிட்ஜ் இருக்கு. கெட்டுப்போச்சு, தூக்கிட்டுப் போக ஆள் இல்ல. உள்ள செத்த நாயையும் வச்சுட்டேன். நீ எப்படியாவது பாத்துக்கோ. யாருக்கும் சொல்லிடாத."

அவர் போன சூட்டோடு அடுத்தவர். பன்றிக்குட்டிகள். அடுத்தவர் கழுதை. ஒருத்தர் பூச்சிமருந்து டின்கள், ஒருத்தர் கழிவறைத் தொட்டியின் குழாயையே கரைக்குள் விட்டிருக்கிறார். ஒருவர் வந்தால் மற்றவர் நாணல் புதருக்குள் ஒளிந்து நின்று, முறை வந்ததும் வெளியே வந்தார்கள். எல்லாரும் சொன்ன கடைசி வரி ஒன்றே: "யாருக்கும் சொல்லிடாத." மச்சான் எல்லாருக்கும் தலையை ஆட்டினார். நான் மறைவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் கையால் வாங்கிக் குடித்த தண்ணீரெல்லாம் தொண்டைக்கு வந்தது. இத்தனை வருஷம் இவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்க வைத்தது என் மச்சானை!

மச்சான் அடையாளத்துக்காக, சொன்ன இடங்களில் எல்லாம் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு நேரான குச்சியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுக்கு நேராக நட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பிடுங்கி அதற்கடுத்த வீட்டுக்கு. இப்படியே தள்ளித் தள்ளி, குச்சியெல்லாம் ஆளில்லாத பாழ்மனைக்கு நேராகக் காடு மாதிரி நின்றன. நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் காறித் துப்பினேன். மச்சான் குச்சிகளை அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோனார். "ஞாபகம் வச்சுக்கலாம் மாப்ள."

தோண்ட யாரும் வரவில்லை. நாங்கள் மூன்று பேர்தான். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, மச்சான் கரையில் மண்வெட்டியை வைத்தார். ஒரு வெட்டு விழுந்ததும் கரை ஏப்பம் விட்டது. உள்ளே இருந்தது கோழியும் இல்லை, மண்ணும் இல்லை. இறகு ஊறிய கஞ்சி. மண்வெட்டியில் நிற்காமல் வழிந்ததால் மச்சான் வாளியால் மொண்டார், கடைசியில் கையாலேயே வாரினார். அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அக்கரைக்குக் கொண்டுபோகப் படகுக்குச் சுமந்தாள். நான் பாதி நேரம் நாணலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன், மீதி நேரம் களிமண் வெட்டிக் கொடுத்தேன். மச்சான் குழிக்குள் இறங்கி, களிமண்ணைக் கொட்டக் கொட்ட மிதித்து, இடித்து, இறுக்கினார். சரி என்று தோன்றும் வரை ஏறவில்லை. அவசர வேலை செய்யத் தெரியாத மனுஷன். தலைவர் ஒருமுறை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "சொல்லச் சொல்லக் கேக்காம தோண்டுற. நல்லதுக்கில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற இடங்களைத் தொட நேரமில்லை. ஆறு வந்துவிட்டது.

கரையின் விளிம்பு வரை கலங்கல் தண்ணீர். எல்லாருக்கும் திடீரென்று ஒற்றுமை வந்தது. கரை முழுக்க ஆட்கள், கையில் மணல்மூட்டை. உட்புறச் சரிவில் அங்கங்கே கசிந்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண்ணை அரிக்கிறது என்று அர்த்தம். மத்தியானம், பால்காரர் தொழுவத்துக்கு நேரே, கறுப்பாகக் கலங்கி வந்தது. அது டீச்சர் சொன்ன இடமுமில்லை, வேறு யாரும் வந்து சொன்ன இடமுமில்லை. அக்கா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே உடைந்தால் தண்ணீர் முதலில் அக்கா வீட்டுக்குத்தான் வரும்.

மச்சான் ஓடிப்போய் மூட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். பக்கத்தில் மூட்டை எடுத்துக் கொடுத்தது பால்காரரே. சரிவிலிருந்து ஒரு கட்டி மண் சரிந்தது. அதோடு ஒரு மாட்டுத்தலை, கொம்பில் நீலநிற நைலான் கயிறோடு வெளியே வந்து மச்சான் மடியில் விழுந்தது. பாதித் தோல் இருந்தது, பாதி இல்லை. பால்காரர் தொழுவத்தில் எல்லா மாட்டுக்கும் அதே நீலக்கயிறு. தீவிலேயே வேறு யாரிடமும் கிடையாது.

"அடப்பாவிகளா! எவன்டா இந்த ஈனவேலை பண்ணது?" என்று பால்காரர் கத்தினார். கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்தார். சுற்றி நின்றவர்கள் "சே, சே" என்றார்கள். அவர்களும் கயிற்றைப் பார்த்தார்கள்தான்.

சொல்லுங்கள், இப்போதாவது வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று நான் மச்சானைப் பார்த்தேன். அவர் மாட்டுத்தலையை ஓரமாக வைத்துவிட்டு, "அடுத்த மூட்டை குடுங்க" என்றார். எனக்கு வந்த அருவருப்பில் பால்காரர் எவ்வளவு, மச்சான் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பொந்துக்குள் மூட்டைகளைத் திணித்து, மேலே ஆளே ஏறி நின்றதில், பொழுது சாய்வதற்குள் கலங்கல் தெளிந்தது. கரை நின்றுவிட்டது. அக்கா வீட்டுக்குப் பின்னால், நாங்கள் களிமண் அடைத்த இடத்தில், கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

ஆறு வடிந்ததும் கமிட்டி கூடியது. பம்புக்காரருக்கு ஒரு நன்றியாவது சொல்வார்கள் என்று அக்கா அவருக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டு அனுப்பினாள். தலைவர் பேசினார். கடவுள் புண்ணியத்தில் தீவு தப்பியது, எல்லாருடைய உழைப்பும் காரணம், ஆனால் ஒரு வருத்தம். கரையில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் பொதுவான சட்டம். பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஒருவர் அதை மீறிவிட்டார். வேறு யாரையும் நாம் பார்க்கவில்லை. பார்த்தது அவரை மட்டும்தான். அதனால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். டீச்சர் கைக்குட்டை பிடித்த கையையே தூக்கினார். பால்காரக் கடன்காரன் இரண்டு கையையும் தூக்கினான். அவனுக்கு இனி என் வாயில் மரியாதை கிடையாது.

மச்சான் தலையை ஆட்டினார். "புது ஆள் வந்ததும் வேலையை ஒப்படைச்சுட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான்.

புது ஆள் வந்தார். நடுத்தர வயது, அமைதியான மனிதர், மச்சானை "அண்ணே" என்றார். அக்கா சாமான்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் மோட்டாரைக் கிளப்பத் தயாராக இருந்தேன். மச்சான் பம்பைக் காட்டினார், கொக்கியைக் கொடுத்தார். பிறகு, "கரையைச் சுத்திக் காட்டிடறேன், வாங்க" என்று கூட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு என்னவோ தோன்ற, நானும் பின்னாலேயே போனேன்.

டீச்சர் வீட்டுக்கு நேராக நின்றார். டீச்சர் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு பிரிட்ஜ் இருக்கு" என்றார் மச்சான். மெதுவாக இல்லை. பம்பு சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. இத்தனை வருஷத்தில் அதன் முழு அளவை நான் அன்றுதான் கேட்டேன். "உள்ள நாய். டீச்சர் வச்சது. ஆறு ஏறினா இந்த இடத்தைப் பாத்துக்குங்க."

டீச்சர் கையிலிருந்த செம்பு விழுந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"இங்க கழுதை. எதிர்வீட்டுக்காரர் போட்டது. இங்க பன்னிக்குட்டிங்க. இங்க மருந்து டின்னு, இதுல கை வைக்காதீங்க. இங்க கக்கூஸ் குழாய், இந்த வீட்டோடது." ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்று, ஆள் பெயர் சொல்லி, விரல் நீட்டி. முன்னால் முன்னால் கதவுகள் சாத்திக்கொண்டே போயின. தொழுவத்துக்கு முன்னால் பால்காரன் பால்வாளியோடு நின்றான். ஓட நேரமில்லை.

"இது இவரோட மாடு. தலையைத்தான் எடுத்திருக்கு. உடம்பு உள்ளதான் இருக்கு."

நான் மச்சானின் காதருகே போனேன். "யாருக்கும் சொல்லமாட்டேன்னு தலையை ஆட்டினீங்களே?"

"ஊர்ல யாருக்கும் சொல்லல மாப்ள. இவர் வேலைக்கு வந்தவர். வேலையை ஒப்படைக்கணும்ல?"

தலைவரின் பண்ணைக்கு முன்னாலும் நின்றார். தலைவரும் ரகசியமாகச் சொல்லியிருப்பார் போல, அங்கே கரைக்குள் புதைத்தவை மூன்று வகை. அதையும் சொன்னார். தலைவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை.

சுற்றி முடித்துப் படித்துறைக்குப் பக்கத்தில், பம்பு வீட்டுக்குப் பின்னால் வந்தபோது புது ஆளின் முகம் வெளிறிப்போயிருந்தது. வாயைத் துண்டால் மூடியிருந்தார்.

"அப்போ இந்தக் கரையில மண்ணுன்னு எங்கதாண்ணே இருக்கு?"

மச்சான் காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"இங்க நான் கோழி பொதைச்சேன். அப்புறம் நானே எடுத்துட்டேன். இங்க மட்டும்தான் மண்ணு."